+1-ல் புவியியல் இருக்கிற பள்ளி, தென்காசி பக்கம்?

மகள் இந்த வருடம் பத்தாவது முடித்துவிட்டாள். அரசுப் பள்ளி, தமிழ்வழி, சமூக அறிவியலில் 96. +1-ல் புவியியலும் அரசியல் அறிவியலும்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

நாங்கள் இருப்பது சங்கரன்கோவில் பக்கம். அவள் படித்த பள்ளியில் கலைப்பிரிவு என்றால் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், அவ்வளவுதான். தலைமையாசிரியரிடம் கேட்டாயிற்று, புவியியலுக்கு முதுகலை ஆசிரியர் பணியிடமே இல்லையாம். பக்கத்து ஊர் அரசுப் பள்ளியிலும் அதே பதில். தனியார் பள்ளி ஒன்றில் இருக்கிறது. ஆங்கிலவழி, ஃபீஸும் கட்டுப்படியாகாது.

இரண்டுக்கும் தமிழ்வழிப் புத்தகம் பாடநூல் கழகமே போட்டிருக்கிறது. பிடிஎஃப் இறக்கி, சம உயரக் கோடுகளை கலர் பென்சிலில் வரைந்துகொண்டிருக்கிறாள். ஆனால் புவியியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டே, வீட்டிலிருந்து சமாளிக்க முடியாது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மேப்பு, காமர்ஸ்ல போடுங்க" என்கிறார் ஒரு சொந்தக்காரர். அவருக்குப் பதில் சொல்லவில்லை.

விடுதியில் விடவும் தயார். சேர்க்கை நடந்துகொண்டிருக்கிறது, நாள் அதிகம் இல்லை.

தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களில் இந்த இரண்டு பாடமும் ஒரே குரூப்பில், தமிழ்வழியில் நடத்துகிற அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளி எது?