பின்னலில் தப்பு நேர்ந்ததும் முழுசாக உருவினீர்களா, ஒட்டுப்போட்டுச் சமாளித்தீர்களா? மனசை விடாத ஒரு பின்னல் அனுபவம் சொல்லுங்கள்

நூல்கண்டு:

நானே தொடங்குகிறேன். தங்கைக்கு ஸ்வெட்டர். முன்பக்கம் நடுவில் ஒரே ஒரு கேபிள் (கயிறு மாதிரி முறுக்கிப் போகும் பட்டை), 6 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்), 8 வரிசைக்கு ஒரு திருப்பம். மார்பு வரை வந்துவிட்டேன். நாற்காலி மேல் விரித்துப் போட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, 24 வரிசைக்குக் கீழே ஒரு திருப்பம் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. 3 கண்ணியை முன்னால் நிறுத்த வேண்டிய இடத்தில் பின்னால் நிறுத்திவிட்டேன். மொத்தமும் உருவ மனசு வரவில்லை. அந்த 6 கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து கழற்றி, கீழே இறக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நூல் குறுக்கே நிற்கிறது, ஏணிப்படி மாதிரி, 24 படி. இரண்டு பக்கமும் ஸ்வெட்டர் ஒழுங்காக இருக்க, நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நூலாய்த் தொங்குகிறது. அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டிருந்தால்கூட அழுதிருப்பேன்.

அப்புறம் இரண்டு முனை உள்ள குட்டை ஊசி இரண்டை வைத்துக்கொண்டு, அடிப்படியிலிருந்து ஒவ்வொரு நூலாக எடுத்துப் பின்னி மேலே வந்தேன். நல்ல பக்கத்தைப் பார்த்தே செய்வதால் 24 வரிசையும் நிட் (நல்ல பக்கத்துக் கண்ணி) தான், பர்ல் (அதன் மறுபக்கத்துக் கண்ணி) கிடையாது. திருப்பம் சரியாக விழுந்தது. ஆனால் ஓரத்தில் இரண்டு கண்ணி தொளதொள என்று நின்றுவிட்டது. தங்கை கவனிக்கவே இல்லை. அவள் அதைப் போட்டுக்கொண்டு வரும்போதெல்லாம் என் கண் நேராக அங்கேதான் போகிறது.

வட்ட ஊசி:

என்னுடையது ஒட்டுப்போடவே முடியாத ரகம். கழுத்தைச் சுற்றிப் போடும் வளையத் துண்டு, வட்டமாகப் பின்னுவது, 220 கண்ணி, 'முறுக்காமல் இணைக்கவும்' என்று பேட்டர்னில் தெளிவாகப் போட்டிருந்தது. பார்த்துத்தான் இணைத்தேன். 9 சுற்று முடித்து மேசையில் வைத்தால் தட்டையாக உட்காரவே மாட்டேன் என்கிறது. விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று போனேன். கீழ் விளிம்பில் போன விரல் ஓரிடத்தில் ஊசிமேல் ஏறிச் சுற்றிக்கொண்டு வந்தது! அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. ஒன்றிரண்டு சுற்றுக்குள் கண்டுபிடித்திருந்தால் இணைத்த இடத்து இடைவெளியிலேயே முறுக்கைத் திருப்பி மறைத்திருக்கலாம். 9 சுற்றுக்கு அப்புறம் உருவுவதைத் தவிர வழி இல்லை. இப்போதெல்லாம் முதல் இரண்டு வரிசையை நேராகவே பின்னிவிட்டு அப்புறம்தான் இணைக்கிறேன். கீழே விழும் சின்ன வெட்டை, தொங்கும் நூல்முனையை வைத்தே தைத்துவிடலாம்.

மொஹேர் பிரியை:

நூல்கண்டு அக்கா, நீங்கள் செய்தது துணிச்சல்தான், ஆனால் புதிதாகப் பழகுபவர்கள் இதைப் படித்துவிட்டு ஊசியைக் கழற்றிவிடக் கூடாது. உங்கள் நூல் வழவழப்பான நூலாக இருந்திருக்கும். நான் மொஹேரில் (மயிர் நீட்டி நிற்கும் ஆட்டுரோம நூல்) லேஸ் சால்வை (துளைத் துளையாக வரும் பின்னல்) போட்டபோது ஒரு கண்ணி நழுவியது. இறக்கவும் முடியவில்லை, ஏற்றவும் முடியவில்லை, இழைமயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பஞ்சாக நின்றது. அந்தச் சால்வை அப்படியே பையில் கிடக்கிறது.

அதனால் எல்லோரும் லைஃப்லைன் போடுங்கள், தப்பு நேர்ந்தால் அந்த வரிசை வரை மட்டும் உருவி நிறுத்த உதவும் காப்பு நூல். மெல்லிய வழுக்கலான பருத்தி நூல், வேறு நிறத்தில். பல் இடுக்கு சுத்தம் செய்யும் ஃபிளாஸ் கூட நன்றாக வரும். மொட்டை முனைத் தையல் ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிக்குள்ளும் ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். லேஸ் என்றால் டிசைன் இல்லாத வெறும் பர்ல் வரிசையில் போடுங்கள், எண்ணுவது சுலபம். இடம் அடையாளம் காட்ட ஊசியில் மாட்டும் மார்க்கர் வளையத்துக்குள் மட்டும் நூல் போய்விடக் கூடாது, போனால் மார்க்கர் அங்கேயே சிறைப்பட்டுவிடும். இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளம் விடுங்கள். அது எந்த வரிசை என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உருவிய பிறகு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. ஒரு டிசைன் முடிந்ததும் அடுத்த லைஃப்லைன், அதன் பிறகுதான் பழையதை இழுக்க வேண்டும்.

ஈரத்துணி:

லைஃப்லைன் எல்லாம் சரி, மொஹேர். ஆனால் பின்னி முடித்த பிறகு வரும் கஷ்டத்துக்கு அது என்ன செய்யும்? ஸ்வெட்டர் ஒன்று, சூப்பர்வாஷ் கம்பளி (மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்தியது), 4 மி.மீ. ஊசி. ஸ்வாட்ச் (அளவு பார்க்கப் பின்னும் மாதிரித் துண்டு) போட்டேன், 10 செ.மீ.க்கு 22 கண்ணி, பேட்டர்ன் கேட்டது அதேதான். ஸ்வாட்சைத் துவைக்கவில்லை. உடம்புக்கு 200 கண்ணி, சுற்றளவு 91 செ.மீ., அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது. முடித்து, தண்ணீரில் ஊறவைத்துத் தூக்கினேன் பாருங்கள், ஸ்வெட்டரின் கை இரண்டும் கனத்து இறங்கி இறங்கி நீள்கிறது, நான் தூக்கத் தூக்க அது முடியவே இல்லை. காய்ந்த பிறகு எண்ணினால் 10 செ.மீ.க்கு 20 தான். அதாவது 100 செ.மீ. சுற்றளவு. 3 மாத வேலை. ஸ்வாட்சைத் துவைத்துக் காயவைத்த பிறகு அளந்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

இடக்கால்:

மற்றவர்கள் சொன்னதுபோல் பெரிய சேதம் இல்லை, ஆனால் எனக்கு இதுதான் உறுத்துகிறது. ஒரே நூல், ஒரே ஊசி. ஸ்வெட்டரை நேராகப் பின்னினேன், மிச்ச நூலில் தொப்பியை வட்டமாகப் பின்னினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தொப்பியில் ஒவ்வொரு கண்ணியின் 'வி' வடிவமும் விரிந்து நிற்கிறது, ஸ்வெட்டரில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கால் மேல் கால் போட்ட மாதிரி. அரை மணி நேரம் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். பர்ல் போடும்போது நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறேன்! வட்டமாகப் பின்னும்போது பர்ல் வரிசையே இல்லை, அதனால் தொப்பி தப்பித்தது. 6 வருடமாக இப்படித்தான் போட்டிருக்கிறேன். அத்தனை ஸ்வெட்டரும் அப்படித்தான் இருக்கும்.

மொஹேர் பிரியை:

பழக்கத்தை மாற்றிவிடுங்கள், இடக்கால். தவறான முறையோடு தொடர்ந்தால் லேஸ் எல்லாம் வராது.

ஈரத்துணி:

தவறான முறை இல்லவே இல்லை. கையை மாற்ற வேண்டாம். அப்படிச் சுற்றினால் கண்ணி ஊசிமேல் திரும்பி உட்காரும், அதன் இரண்டு கால்களில் (ஊசிக்கு இருபுறமும் இறங்கும் நூல்) வழக்கமாக முன்னால் நிற்கும் வலக்கால் ஊசிக்குப் பின்னால் போய்விடும். அடுத்த வரிசையில் பின்கால் வழியாக ஊசியை விட்டுப் பின்னினால் முறுக்கு வராது. காம்பினேஷன் நிட்டிங் என்று பெயர் வைத்து விரும்பியே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு கண்ணியைச் சேர்த்துக் குறைக்கும் இடத்தில் மட்டும் கண்ணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் லேஸும் வரும்.

இடக்கால்:

நன்றி ஈரத்துணி. இப்போதே 20 கண்ணி போட்டுப் பார்த்தேன், பின்கால் வழியாக. 'வி' விரிந்து நிற்கிறது.

நூல்கண்டு:

மொஹேர், ஆமாம், வழவழ நூல்தான். நீங்கள் சொன்னது சரி, அதை நான் எழுதியிருக்க வேண்டும். நேற்று தங்கை வந்திருந்தாள். கழற்றிக் கொடு என்று கேட்டு வாங்கி, தொளதொள கண்ணியில் இருந்த நூலை மொட்டை ஊசி முனையால் பக்கத்துக் கண்ணி, அதற்கடுத்த கண்ணி என்று இழுத்து இழுத்துப் பங்கிட்டேன். ஏன் அக்கா, அங்கே என்ன என்றாள். காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எது என்று இன்னொருமுறை கேட்டாள்.