ஓடிபி பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆப் முதலிலிருந்து தொடங்குகிறது: ரேம் போதவில்லையா?

செவ்வந்தி (கேள்வி):
வணக்கம். போன் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (மெதுவான வகை) ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு 13. ரயில் டிக்கெட், கரன்ட் பில் என்று எதற்குப் பணம் கட்டினாலும் ஒரே தொல்லை. கார்டு விவரம் எல்லாம் போட்டு முடித்து, ஓடிபி பார்க்க மெசேஜ் ஆப்புக்குப் போய்த் திரும்பினால், பணம் கட்டும் பக்கம் போய்விடுகிறது. ஆப்பின் லோகோ வந்து முதல் பக்கத்தில் நிற்கிறது. எப்போதும் இல்லை, பத்துக்கு நாலைந்து தடவை.

செட்டிங்ஸில் பார்த்தால் ரேம் எந்நேரமும் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கிறது. அதனால் ரீசன்ட்ஸில் (சமீபத்தில் திறந்த ஆப்களின் வரிசையில்) அடிக்கடி கிளியர் ஆல் கொடுக்கிறேன். ஸ்டோரேஜில் கொஞ்சம் எடுத்து ரேம் போலப் பயன்படுத்தும் ரேம் எக்ஸ்டென்ஷனை 4 ஜிபிக்கு ஆன் செய்திருக்கிறேன். அந்த ஆப்புக்கு பேட்டரியை அன்ரெஸ்ட்ரிக்டட் ஆக்கியும் பலன் இல்லை. 8 ஜிபி போன் வாங்கினால்தான் தீருமா?

கார்முகில்:
ரேம் 80 சதவீதம் நிரம்பியிருப்பது நோய் அல்ல. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயன் இல்லை என்பதால், மூடிய ஆப்களையும் படித்த ஃபைல்களையும் ஆண்ட்ராய்டு வேண்டுமென்றே அதில் வைத்துக்கொள்ளும். இடம் தேவைப்படும்போது எதைத் தூக்கி எறிகிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

ஓடும் ஒவ்வொரு ஆப்புக்கும் சிஸ்டம் ஒரு எண் கொடுத்து வைத்திருக்கும். எண் கூடக் கூட முதலில் சாகும். கண் முன் இருக்கும் ஆப்புக்கு 0. திரையில் பாதி தெரிவதற்கு 100. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஆப் போன்றவற்றுக்கு 200. ஹோம் ஸ்கிரீனுக்கு 600. கடைசியாக விட்டுவந்த ஆப்புக்கு 700. அதற்கும் முன்னால் பார்த்தவை எல்லாம் 900க்கு மேல். எல்எம்கேடி என்ற சிஸ்டம் புரோகிராம் மெமரி நெருக்கடியைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நெருக்கடி வந்தால் 900களில் இருப்பவற்றை முதலில் கொல்லும். அப்படியும் போதாவிட்டால்தான் 700க்கு இறங்கும்.

உங்கள் விஷயத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். பணம் கட்டும் ஆப்பிலிருந்து நேராக மெசேஜுக்குப் போனால் அது 700இல் இருக்கும், ஓரளவு பாதுகாப்பு. நடுவில் வாட்ஸ்அப்பைத் திறந்து ஒரு பதில் போட்டுவிட்டு மெசேஜுக்குப் போனால் அது 900க்குத் தள்ளப்பட்டுவிடும். "பத்துக்கு நாலைந்து" என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று. ரீசன்ட்ஸில் தெரியும் கார்டு வெறும் படம். ஆப் செத்த பிறகும் அந்தப் படம் அங்கேயே இருக்கும். தொட்டதும் பழைய பக்கம் ஒரு கணம் தெரிந்து, உடனே லோகோ வந்தால், அந்த ஆப்பின் பிராசஸ், அதாவது ரேமில் ஓடிக்கொண்டிருந்த பிரதி, ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். லோகோ வராமல் "செஷன் முடிந்தது, மீண்டும் லாகின் செய்யவும்" என்று வந்தால் அது வேறு கதை: ஆப் உயிரோடு இருக்கிறது, பாதுகாப்புக்காக வங்கியே வெளியே தள்ளுகிறது. அதற்கு எவ்வளவு ரேம் போட்டாலும் மருந்து இல்லை.

மாற்றம் எதுவும் செய்வதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். அபவுட் போனில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதன் அடியில் "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" ஆஃபில் இருக்க வேண்டும். "பேக்கிரவுண்ட் பிராசஸ் லிமிட்" ஸ்டாண்டர்டில் இருக்க வேண்டும். போனை வேகமாக்கும் வழி என்று வீடியோக்களில் இந்த இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் இதே தொல்லைதான் வரும்.

தாழம்பூ:
கார்முகில் சொன்னதோடு கிளியர் ஆல் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு 11இலிருந்து, பின்னணியில் சும்மா இருக்கும் ஆப்களை அப்படியே உறைய வைக்கும் வசதி சிஸ்டத்திலேயே இருக்கிறது. உறைந்த ஆப் சிபியூவைத் தொடவே தொடாது. அதை நீங்கள் துடைத்து எறிந்தால், அடுத்த முறை திறக்கும்போது ஆப்பின் புரோகிராம் முழுவதையும் ஸ்டோரேஜிலிருந்து படித்து, நினைவில் அடுக்கி, நெட்வொர்க்கில் மறுபடி இணைந்து என்று எல்லா வேலையும் முதலிலிருந்து நடக்கும். பேட்டரி செலவாவது அங்கேதான். இஎம்எம்சி ஸ்டோரேஜில் அந்தத் தாமதம் நன்றாகவே தெரியும். சில நிறுவனங்களின் போன்களில் கிளியர் ஆல் கொடுத்தால் ஃபோர்ஸ் ஸ்டாப் செய்ததற்குச் சமமாகிவிடும். நீங்களாகத் திறக்கும் வரை அந்த ஆப்புக்கு அலாரமும் வராது, மெசேஜும் வராது.

பேட்டரி அன்ரெஸ்ட்ரிக்டட் பற்றி: அது டோஸ் (போன் சும்மா கிடக்கும்போது ஆப்களைக் கட்டுப்படுத்தும் முறை) போன்ற மின்சாரச் சிக்கனக் கட்டுப்பாடுகளிலிருந்து தரும் விலக்கு. நோட்டிபிகேஷன் தாமதமாவது, பின்னணியில் அப்லோடு பாதியில் நிற்பது போன்றவற்றுக்கு உதவும். மெமரி நெருக்கடியில் எல்எம்கேடி வந்தால் அந்த அனுமதியை மதிக்காது. அதனால்தான் உங்களுக்குப் பலன் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தால் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டிபக்கிங் ஆன் செய்து, ஏடிபி ஷெல்லில் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) "டம்ப்சிஸ் ஆக்டிவிட்டி எக்ஸிட்-இன்ஃபோ" என்று போட்டு, பக்கத்தில் ஆப்பின் பேக்கேஜ் பெயரை (சிஸ்டம் அந்த ஆப்பை அடையாளம் காணும் பெயர்) கொடுங்கள். அந்த ஆப் ஒவ்வொரு முறையும் ஏன் முடிந்தது என்று தேதி நேரத்தோடு வரும். காரணம் 3 என்றால் மெமரி நெருக்கடி. 4 அல்லது 5 என்றால் ஆப்பே கிராஷ் ஆகியிருக்கிறது. 6 என்றால் பதில் சொல்லாமல் தொங்கியிருக்கிறது. 10 என்றால் பயனர் கேட்டு மூடியது, ரீசன்ட்ஸில் தள்ளிவிட்டதும் இதில் சேரும். சில போன்களில் மெமரி சாவும் 3 என்று வராமல், 2 என்று வந்து கூடவே ஸ்டேட்டஸ் 9 என்று காட்டும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

செவ்வந்தி:
பார்த்தேன். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் இரண்டும் சரியாகவே இருக்கின்றன. எக்ஸிட்-இன்ஃபோவில் பெரும்பாலும் 3, இடையிடையே 10. 10 நான் கிளியர் ஆல் கொடுத்ததுதான் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ரேம் எக்ஸ்டென்ஷன் 4 ஜிபி என்ன செய்கிறது? மொத்தம் 8 ஜிபி ஆகவில்லையா?

கார்முகில்:
ஆகாது. அது ஸ்டோரேஜில் ஒதுக்கப்பட்ட இடம், ரேம் அல்ல. பல ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்கெனவே இசட்ரேம் என்று ஒன்று உண்டு: கொஞ்ச நேரமாகத் தொடாத மெமரிப் பக்கங்களை (ரேமின் சிறு துண்டுகள்) சுருக்கி ரேமுக்குள்ளேயே வைத்துக்கொள்வது. சாதாரணமாக இரண்டில் ஒரு பங்கு, சில சமயம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். அதிலிருந்து விரித்து எடுப்பது வேகமான வேலை. ரேம் எக்ஸ்டென்ஷன் அந்தப் பக்கங்களை இன்னும் கீழே, இஎம்எம்சிக்குத் தள்ளுகிறது. திரும்ப எடுக்கும்போது, அதே நேரத்தில் வேறு ஆப் ஸ்டோரேஜில் எழுதிக்கொண்டிருந்தால் போன் அப்படியே நின்றுவிடும். அந்த நிற்றலையும் எல்எம்கேடி நெருக்கடியாகவே எடுத்துக்கொள்ளும். பக்கம் வர எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அது முடிவு செய்கிறது.

64 ஜிபியில் இப்போது எவ்வளவு காலி? 10 ஜிபிக்குக் கீழே என்றால் கண்டிப்பாக எக்ஸ்டென்ஷனை ஆஃப் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். யுஎஃப்எஸ் (வேகமான வகை) ஸ்டோரேஜ் உள்ள போனாக இருந்தால் நான் ஆனில் விடச் சொல்லியிருப்பேன். இஎம்எம்சிக்கு வேண்டாம்.

உண்மையான ரேமை மிச்சப்படுத்த வேண்டுமென்றால், எளிதில் கொல்ல முடியாத இடத்தில் உட்கார்ந்திருப்பவற்றைப் பாருங்கள். லைவ் வால்பேப்பர், தனியாக இறக்கிய கீபோர்டு, அக்சஸிபிலிட்டி அனுமதி வாங்கிய கிளீனர் ஆப், ஓயாமல் நோட்டிபிகேஷனில் நிற்கும் ஆப் இவையெல்லாம் 100, 200 எண்ணில் இருப்பவை. சிஸ்டம் இவற்றை எளிதில் தொடாது, அதற்குப் பதில் உங்கள் பணம் கட்டும் ஆப்பைக் கொல்லும். டூயல் ஆப்பில் இரண்டாவது வாட்ஸ்அப் வைத்திருந்தால் அதற்குத் தனி பிராசஸ், தனி மெமரி. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ரன்னிங் சர்வீசஸ் திறந்தால் எது எவ்வளவு எடுக்கிறது என்று எம்பியில் தெரியும். ரேம் பூஸ்டர், கிளீனர் வகை எதுவாக இருந்தாலும் இன்றே அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

நெய்தல்:
ஐபோன் 11இலும் 12இலும் 4 ஜிபிதான். அதில் இப்படி வருவதில்லையே? ஆண்ட்ராய்டின் குறை என்று நேராகச் சொல்லிவிடலாமே.

தாழம்பூ:
அங்கேயும் வரும் சார், வழி மட்டும் வேறு. ஐஓஎஸ்ஸில் ஆப் பின்னணிக்குப் போன சில நொடிகளில் நிறுத்தி வைக்கப்படும். வேலை பாக்கி இருப்பதாக ஆப் கேட்டால் சாதாரணமாக அரை நிமிடம் போலக் கிடைக்கும், அதற்குமேல் இல்லை. பாட்டு, வழிகாட்டி, கால் போன்றவற்றுக்கு மட்டும் தனி அனுமதி. பின்னணியில் கண்டபடி ஓட விடாததால் ரேமில் போட்டி குறைவு. நெருக்கடி வந்தால் ஜெட்சம் என்ற பகுதி அங்கேயும் ஆப்களைக் கொல்கிறது. கேமராவில் நீண்ட வீடியோ எடுத்துவிட்டுத் திரும்பினால் சஃபாரி பக்கங்கள் மறுபடி லோடு ஆவது அதனால்தான். ஐபோனில் மேலே தள்ளி மூடும் பழக்கமும் நல்லதல்ல. அப்படி மூடிய ஆப்புக்கு பேக்கிரவுண்ட் ரெஃப்ரெஷ் நின்றுவிடும்.

இரண்டிலும் ஒன்று பொது. ஆப் எழுதுபவர், பயனர் இருந்த பக்கத்தையும் நிரப்பிய விவரத்தையும் சேமித்து வைத்தால் பிராசஸ் செத்தாலும் பயனருக்குத் தெரியவே தெரியாது. ஆப்பை விட்டு வெளியேறும்போது ஒரு சிறு பொட்டலத்தில் அந்த நிலையைக் கட்டி சிஸ்டத்திடம் கொடுக்க ஆண்ட்ராய்டில் வழி இருக்கிறது. பணம் கட்டும் பக்கம் பெரும்பாலும் ஆப்புக்குள் திறக்கும் வெப் பக்கம் என்பதால் அந்தப் பொட்டலத்தில் ஒழுங்காக அடங்காது. பழுது போனில் பாதி, ஆப்பில் பாதி. ஆப்பின் ரிவ்யூவில் "பேமென்ட் பக்கத்தில் பிராசஸ் டெத் ஆனால் நிலை திரும்புவதில்லை" என்று இதே சொற்களில் எழுதுங்கள். டெவலப்பருக்கு உடனே புரியும்.

மருதம்:
செவ்வந்தி, இன்றைக்கே வேலை நடக்க ஒரு வழி. ஓடிபி வந்ததும் மெசேஜ் ஆப்பைத் திறக்காதீர்கள். நோட்டிபிகேஷன் திரையை மேலிருந்து கீழே இழுங்கள். அப்படி இழுக்கும்போது பணம் கட்டும் ஆப் பின்னணிக்குப் போவதில்லை, முன்னால் இருப்பதாகவே சிஸ்டம் கணக்கில் வைக்கும், எண் 0தான். கூகுள் மெசேஜஸ் வைத்திருந்தால் அந்த நோட்டிபிகேஷனிலேயே ஓடிபி எண்ணைக் காப்பி செய்யும் பட்டன் இருக்கும். தட்டிவிட்டு மேலே தள்ளிவிட்டு பேஸ்ட் செய்யுங்கள். லாக் ஸ்கிரீனிலும் நோட்டிபிகேஷனிலும் மெசேஜ் உள்ளடக்கத்தை மறைத்து வைத்திருந்தால் இது வேலை செய்யாது, அதை மட்டும் பாருங்கள்.

நோட்டிபிகேஷன் வராத போனில் ஸ்பிளிட் ஸ்கிரீன். ரீசன்ட்ஸில் பணம் கட்டும் ஆப்பின் ஐகானைத் தொட்டு ஸ்பிளிட் ஸ்கிரீன் தேர்ந்தெடுத்து, கீழ்ப்பாதியில் மெசேஜை வையுங்கள். இரண்டும் கண்ணுக்குத் தெரிவதால் இரண்டுமே கொல்லப்படும் வரிசையின் கடைசியில் இருக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: கார்டு விவரம் போடுவதற்கு முன்பே திரையைப் பிரித்துவிடுங்கள். பாதியில் பிரித்தால் திரை அளவு மாறி, சில ஆப்கள் பக்கத்தைப் புதிதாக லோடு செய்துவிடும். சில வங்கி ஆப்கள் பிரிக்கவே விடாது.

ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பும்போது ஓடிபியைவிடப் பெரிய ஆபத்து கேமரா. சென்சாரிலிருந்து வரும் பிரேம்களை வைத்துக்கொள்ளவே அதற்குப் பெரிய இடம் வேண்டும். 4 ஜிபி போனில் படிவத்துக்குள் இருந்தபடி "போட்டோ எடு" தொட்டால், கேமரா திறக்கிற வேகத்தில் பிரவுசரே போய்விடும், நிரப்பியது அத்தனையும் காலி. ஆதார் நகல், கையெழுத்து, பாஸ்போர்ட் அளவுப் படம் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து, கேட்கும் கேபி அளவுக்குக் குறைத்து கேலரியில் வையுங்கள். பிறகு கேமராவை மூடிவிட்டுப் படிவத்தைத் திறந்து, "ஃபைல் தேர்வு" வழியாகவே ஏற்றுங்கள்.