குறட்டைக்கு வாயில் மாட்டும் கிளிப் உண்மையிலேயே வேலை செய்யுமா?

மலர்விழி:
என் வீட்டுக்காரருக்கு 46 வயது. குறட்டை கல்யாணமான காலத்திலிருந்தே உண்டு, ஆனால் கொஞ்ச நாளாக நடுவில் சத்தம் அப்படியே நின்றுபோய், அப்புறம் திணறி மூச்சை இழுக்கிறார், அந்த இடைவெளியில் எனக்குத்தான் தூக்கம் போய்விடுகிறது. ஸ்லீப் டெஸ்டில், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதைக் காட்டும் ஏ.ஹெச்.ஐ. கணக்கு 19 என்று வந்து, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷின் எழுதிக் கொடுத்தார்கள். மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறதாம், நடுராத்திரியில் கழற்றி வைத்துவிடுகிறார். இப்போது கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைக்கும் கிளிப் பற்றிப் பல் டாக்டரிடம் கேட்கச் சொல்கிறார்கள். ஆன்லைனில் வெந்நீரில் போட்டு நாமே கடித்து அச்சு எடுக்கிற மாதிரி மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா? தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதால் அவரிடம் ஏற்கெனவே ஒரு நைட் கார்டு இருக்கிறது, அதையே போட்டால் ஆகாதா?

பழைய குறட்டை:
நான் இந்தத் தாடைக் கிளிப்பைச் சில வருடங்களாகப் போடுகிறேன். ஆரம்பத்தில் தலையணை நனைகிற அளவுக்கு எச்சில் ஒழுகும், காலையில் தாடை வலிக்கும், கடைவாய்ப் பல் ஒன்றோடொன்று சேராத மாதிரி இருக்கும், காபி குடித்து முடிப்பதற்குள் சரியாகிவிடும். எனக்குப் பெரிய லாபம் பகல் தூக்கம் போனதுதான். மதியம் மீட்டிங்கில் கண் சொருகுவது நின்றது. வெந்நீரில் மட்டும் கழுவாதீர்கள், வளைந்துவிடும்.

பல்வைத்தியர்:
நான் இந்தக் கிளிப் செய்து தருகிற ஆள், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நாக்கின் முக்கியத் தசை கீழ்த்தாடையின் முன்பக்க உள்புறத்தில்தான் பிடித்திருக்கிறது. தூக்கத்தில் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழியைக் குறுக்குகிறது, தாடையை முன்னால் கொண்டுவந்தால் நாக்கும் கூடவே வரும், அவ்வளவுதான் விஷயம். நைட் கார்டு பல் தேயாமல் காப்பதற்கு, அது தாடையை நகர்த்தாது. சிலருக்கு அதைப் போட்டால் மூச்சுத்தடை கூடுவதும் உண்டு, அதனால் தூக்க டாக்டரிடம் அதைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஏ.ஹெச்.ஐ. என்பது மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். 19க்குக் கிளிப் நியாயமான தேர்வு. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகளின் 2015 வழிகாட்டுதலும் சிபாப் ஒத்துவராத பெரியவர்களுக்கு, அவரவர் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த, முன்பின் நகர்த்தக்கூடிய கிளிப்பைத்தான் சொல்கிறது. வெந்நீர் ரகம் ராத்திரியில் கழன்று விழும், எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்றும் தெரியாது. நாங்கள் தாடை முன்னால் வரக்கூடிய தூரத்தில் பாதி அளவில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக, அரை மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டர் என்று நகர்த்துவோம். ஈறு பலவீனமாகிப் பல் ஆடினாலோ, தாடை மூட்டில் வலி இருந்தாலோ அதை முதலில் பார்க்க வேண்டும்.

மாஸ்க் கட்சி:
நான் எதிர்க்கட்சி. ஏ.ஹெச்.ஐ.யைக் குறைப்பதில் சிபாப்தான் பலமானது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அலமாரியில் தூங்கும் மெஷின் யார் மூச்சையும் காப்பாற்றாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவரிடம் இருப்பது முழு முக மாஸ்க் என்றால் மூக்குத்துளையில் மட்டும் பொருந்தும் சின்ன ரகத்தையும், காற்றழுத்தம் மெதுவாக ஏறுகிற செட்டிங்கையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள், நிறைய இறங்கியிருந்தால் நான் கிளிப்பை மட்டும் நம்ப மாட்டேன்.

மலர்விழி:
மெஷின் கொடுத்தபோது இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. சரி, கிளிப் போட்டுக் குறட்டைச் சத்தம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? பல் வரிசை மாறிவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள்.

பல்வைத்தியர்:
எடுத்துக்கொள்ளாதீர்கள். சத்தம் போன பிறகும் மூச்சு நிற்பது தொடரலாம், அதனால் அளவு சரியாக வந்ததும் கிளிப்பைப் போட்டுக்கொண்டே மறுபடி ஸ்லீப் டெஸ்ட் எடுக்க வேண்டும். இந்த ஒரு படியைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். பல் வரிசை பற்றிச் சொன்னது உண்மைதான்: வருடங்கள் போகப்போக மேல் முன்பற்கள் லேசாக உள்ளேயும் கீழ்ப்பற்கள் வெளியேயும் சாயலாம், கிளிப்பை நிறுத்தினாலும் முழுக்கத் திரும்பாமல் போகலாம். காலையில் கழற்றியதும் கடைவாய்ப் பற்களை மெல்லக் கடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பயிற்சி இருக்கிறது, அளவெடுக்கப் போகும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.