ஹார்வர்ட் 1948-இல் எதை மூடியது? (புவியியல், நகர்ப்புற ஆய்வு முதுகலை இழையின் தொடர்ச்சி)

நிலவரை:
புவியியலும் நகர்ப்புற ஆய்வும் இணைந்த முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று மழைக்குருவி முந்தைய இழையில் பணிவாகக் கேட்டிருந்தார். அதற்கு எண்ணாயிரம் அவர்கள் மூன்றே வரியில் தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருக்கிறார்: ‘ஹார்வர்ட் பல்கலைக்கழகமே 1948-இல் தன் புவியியல் துறையை இழுத்து மூடிவிட்டது. ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் முறைமை) மென்பொருளை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுகளை வீணாக்க வேண்டாம்.’

அந்தப் படிப்பை முடித்தவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஹார்வர்டில் தனியான புவியியல் துறை என்ற ஒன்று 1948-இல் இருக்கவே இல்லை. நிலவியலும் (ஜியாலஜி) புவியியலும் சேர்ந்த ஒரே துறைதான் இருந்தது. அதற்குள் புவியியல் ஒரு சிறு பிரிவு. இல்லாத துறையை எப்படி இழுத்து மூடினார்கள் என்று அவர் விளக்கட்டும். அதன் பிறகு ஆறு மாதக் கணக்கைப் பேசலாம்.

எண்ணாயிரம்:
வீட்டை இடிக்கவில்லை, வீட்டுக்குள் இருந்த அறையைத்தான் இடித்தார்கள் என்கிறீர்கள். அறையில் குடியிருந்தவருக்கு அதில் என்ன ஆறுதல் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது ஹார்வர்டின் தலைவராக இருந்த வேதியியலாளர் கோனன்ட், புவியியல் பல்கலைக்கழகத்துக்கு உரிய பாடமே அல்ல என்று கருதியதாகப் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதோடும் முடியவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1982-இல் தன் புவியியல் துறையை மூடியது, கொலம்பியா 1986-இல் மூடியது, சிகாகோவும் அதே ஆண்டில் மூடியது. இவையும் அறைகள்தாமா?

என் அணியில் வரைபடத் தரவுகளைக் கையாளுகிறவர்களில் இருவர் இயந்திரப் பொறியாளர்கள், ஒருவர் வணிகவியல் பட்டதாரி. மூவரும் வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டவர்கள். அவர்களில் எவரும் தனக்கு முதுகலைப் புவியியல் இல்லையே என்று அழுது நான் பார்த்ததில்லை.

நிலவரை:
சிகாகோவை மூடினார்கள் என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் தேடிப் பார்த்திருக்கலாம். 1903-இல் தொடங்கிய துறை 1986-இல் துறை என்ற தகுதியை இழந்து, புவியியல் ஆய்வுகளுக்கான குழு என்ற வடிவில் தொடர்ந்தது. அதை இப்போதைக்கு விடுகிறேன், ஏனென்றால் நீங்கள் ஹார்வர்டிலிருந்து நழுவப் பார்க்கிறீர்கள்.

1948-இல் மூடிவிட்டார்கள் என்றால், டெர்வென்ட் விட்டில்சி என்ற புவியியல் பேராசிரியர் 1956-இல் இறக்கும் வரை அங்கே எதைக் கற்பித்துக்கொண்டிருந்தார்? சமையலா? நடந்தது இதுதான். எட்வர்ட் ஆக்கர்மன் என்ற இளம் ஆசிரியரின் பதவி உயர்வை நிலவியல் தரப்பினர் எதிர்த்தார்கள். வளங்களைப் பங்கிடும் சண்டை அது. அந்தச் சண்டையில் நிர்வாகம் புவியியலைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தது. புவியியலாளராகவே இருந்தும், வேறொரு பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்த ஐசையா போமன் தன் பாடத்துக்காக உரக்கக் குரல் கொடுக்கவில்லை என்ற வருத்தம் இன்றுவரை புவியியலாளர்களிடையே உண்டு. ஒரு பாடம் அறிவுலகில் தோற்றுப்போனதற்கும், ஒரு நிர்வாகக் கூட்டத்தில் காட்டிக்கொடுக்கப்பட்டதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குப் புரியாமல் இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கேளுங்கள். ஒரே மையத்தைச் சுற்றி வளையம் வளையமாக நகரம் வளர்கிறது என்று 1925-இல் சமூகவியலாளர் பர்ஜஸ் சிகாகோவை வைத்துச் சொன்னதை, நகரத்துக்குப் பல மையங்கள் உண்டு என்று 1945-இல் புவியியலாளர்கள் ஹாரிஸும் உல்மனும் திருத்தினார்கள். அந்த எட்வர்ட் உல்மன் 1948-இல் ஹார்வர்டில்தான் ஆசிரியராக இருந்தார். அங்கே கதவு அடைபட்டதும் 1951-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த சில ஆண்டுகளில் புவியியலில் கணித முறைகளின் புரட்சி அந்த இடத்தில்தான் வெடித்தது. நகர்ப்புற ஆய்வில் இன்று முதல் பருவத்தில் படிக்கும் பாடத்தையே ஹார்வர்ட் வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டது. ஹார்வர்டின் கண்பார்வைக் கோளாற்றைப் புவியியலின் குற்றமாக எழுதுகிறீர்கள்.

சுவடி:
இருவரும் சற்று நிதானிக்க வேண்டும். புவியியல், நகர்ப்புற ஆய்வு, நகரமைப்பு ஆகிய மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுப் பேசுகிறீர்கள். நகரமைப்பு என்பது தொழிற்கல்வி. திட்டம் வரைந்து, ஒப்புதல் வாங்கி, சட்டத்துக்குப் பதில் சொல்கிற வேலை. நகர்ப்புற ஆய்வு சமூகவியல், பொருளியல், வரலாறு எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு, நகரம் ஏன் இப்படி ஆனது என்று கேட்பது. ‘நகரம்’ என்ற சொல்லிலேயே உடன்பாடு கிடையாது. டென்மார்க்கில் 200 பேர் நெருங்கி வாழ்ந்தால் அது நகர்ப்புறம். ஜப்பானில் நகர் என்ற தகுதிக்குப் பொதுவாக 50,000 பேர் தேவை. உலக மக்களில் பாதிக்கு மேல் நகரங்களில் வாழ்கிறார்கள் என்று ஐ.நா. நெடுநாள் சொல்லிவந்த கணக்கே இத்தகைய நாட்டுக்கொரு வரையறைகளைக் கூட்டி வந்ததுதான். எந்தப் படிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொண்டால், மழைக்குருவிக்குப் பதில் சொல்ல எளிதாக இருக்கும்.

எண்ணாயிரம்:
சுவடி சொல்வதைப் பிறகு பார்க்கலாம். நிலவரை தானே விரித்த வலையில் தானே விழுந்திருக்கிறார், அதை முதலில் காட்டிவிடுகிறேன்.

1965-இல் கணினி வரைபடத்துக்கான ஆய்வுக்கூடம் ஹார்வர்டில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஹோவர்ட் ஃபிஷர், ஒரு கட்டடக் கலைஞர். ஆய்வுக்கூடம் இருந்தது வடிவமைப்புப் பள்ளியில். அங்கே நிலத்தோற்றக் கலை படித்த ஜாக் டேஞ்சர்மண்ட் 1969-இல் எஸ்ரி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார், ஜி.ஐ.எஸ். மென்பொருள் செய்வது அது. இன்று நீங்கள் உட்பட எல்லோரும் அந்த நிறுவனத்தின் மென்பொருளில்தான் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள். புவியியலை 1948-இல் மூடிய அதே வளாகத்தில், பதினேழு ஆண்டு கழித்து, புவியியலாளர் தலைமையில்லாமல் இது தொடங்கியிருக்கிறது. இதைவிட என்ன சான்று வேண்டும்?

சென்ற ஆண்டு, புவியுருண்டையைத் தட்டையான தாளில் வரையும் முறையான வரைபட வீச்சு பற்றிய இழையில், மெர்காட்டர் வீச்சில் 60 பாகை அகலாங்கில் தூரம் எத்தனை மடங்கு பெருகும் என்று கேட்டபோது ஒன்றரை மடங்கு என்று எழுதிவிட்டு, இரண்டு மடங்கு என்று நான் திருத்தியதும் பத்து நாள் காணாமல் போனவர் யார் என்பதைப் பழைய உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நிலவரை:
அது தட்டச்சுப் பிழை. அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பத்து நாள் நான் வராததற்குக் காரணம் களப்பணி. அந்தச் சொல்லை உங்கள் ஆறு மாத வகுப்பில் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜி.ஐ.எஸ்.-இன் தந்தை என்று உலகமே அழைக்கும் ரோஜர் டாம்லின்சன், ஹார்வர்ட் ஆய்வுக்கூடம் பிறக்கும் முன்பே கனடாவின் நிலவளக் கணக்கெடுப்புக்காக அந்த முறைமையை உருவாக்கத் தொடங்கிவிட்டார். அவர் மக்கில் பல்கலைக்கழகத்தில் எதில் முதுகலை பெற்றார் என்று தேடிப் பாருங்கள். புவியியலில். முதுகலை. புவியியலில்.

களப்பணி என்றேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டில் ஒரு பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி 500 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, உள்ளே இருந்த வீடுகள் அனைத்துக்கும் ‘போக்குவரத்து வசதி உண்டு’ என்று பச்சை நிறம் தீட்டி, பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். என் ஆய்வு நெறியாளர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘நடந்து பார்த்தாயா?’ என்று மட்டும் கேட்டார். மறுநாள் போனேன். வட்டத்தின் குறுக்கே ரயில் பாதை, அதன் ஓரத்தில் ஆளுயர மதில். மறுபுறத்து வீட்டு வாசலிலிருந்து மேம்பாலம் ஏறி இறங்கி நிறுத்தத்துக்கு வர எனக்கு 23 நிமிடங்கள் ஆயின. நான் வியர்த்து நின்றுகொண்டிருந்தபோது, தலையில் மூட்டையோடு ஒரு பெண்மணி மதிலில் இருந்த ஓர் உடைசலுக்குள் குனிந்து நுழைந்து, இரு பக்கமும் பார்த்துத் தண்டவாளத்தைக் கடந்து, மூன்றே நிமிடத்தில் நிறுத்தத்தில் இருந்தார். அந்த உடைசல் எந்தத் தரவு அடுக்கிலும் இல்லை. என் ஆய்வேடு முழுவதும் அந்த உடைசலிலிருந்துதான் பிறந்தது.

வட்டம் போட ஆறு மாதத்தில் கற்கலாம் என்பதை நான் எங்கும் மறுக்கவில்லை. பரப்பளவுக்கு உரிய உண்மையை ஆளுக்கு உரிய உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை 1950-இல் ராபின்சன் காட்டினார். அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவு உயர்ந்திருந்தது. தனியாட்களாக எடுத்துப் பார்த்தால் அவர்களிடையே எழுத்தறிவு சற்றுக் குறைவு. எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அவர்கள் அதிகம் குடியேறினார்கள், அவ்வளவுதான். உங்கள் மூன்று பேருக்கும் இது தெரியுமா?

எண்ணாயிரம்:
ராபின்சன் சமூகவியலாளர். இதையும் புவியியல் கணக்கில் எழுதிக்கொண்டீர்களா? டாம்லின்சன் புவியியல் மட்டுமல்ல, நிலவியலும் படித்தவர் என்பதை வசதியாக விட்டுவிட்டீர்கள். ஹார்வர்டில் புவியியலை வெளியேற்றியதும் நிலவியல்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக இரண்டு இடத்திலும் வென்றது நிலவியலே.

மதில் உடைசல் கதை உருக்கமாக இருக்கிறது. ஆனால் சாலை வலைப்பின்னல் தரவை எடுத்து நடைதூரத்தைக் கணக்கிடுவது ஐந்து நிமிட வேலை. மதிலை ஒரு தடையாகச் சேர்த்தால் உங்கள் 23 நிமிடமும் திரையிலேயே வந்துவிடும். வெயிலில் போய் நிற்க வேண்டியதில்லை.

நிலவரை:
23 நிமிடம் வரும். மூன்று நிமிடம் வருமா? அந்தப் பெண்மணி நடந்தது மூன்று நிமிடம்.

எண்ணாயிரம்:
உடைசலையும் ஒரு கோடாக வரைந்தால் வரும்.

நிலவரை:
உடைசல் இருப்பது யாருக்குத் தெரியும்?

கல்வெட்டு:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நிலவியல் என்ற சொல்லை ஜியாலஜிக்கு எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்துகிறீர்கள். பழைய நூல்கள் சிலவற்றில் அது ஜியாக்ரஃபியைக் குறிக்கும். இலங்கைப் பாடநூல்களில் ஜியாலஜி புவிச்சரிதவியல். முதலில் கலைச்சொல்லைச் சரிசெய்யாமல், எந்தத் துறை எந்தத் துறையை மூடியது என்று வாதிடுவதில் பொருளில்லை.

நிலவரை:
கல்வெட்டு அவர்களே, சொல் எதுவானாலும் ஹார்வர்டில் அது தனித்துறையாக இருக்கவில்லை என்பதுதான் கேள்வி. தமிழில் பெயர் மாற்றினால் அமெரிக்காவில் துறை முளைத்துவிடாது.

கல்வெட்டு:
கலைச்சொல்லை இப்படி அலட்சியம் செய்பவர் ஆய்வேடு எழுதியிருக்கிறார் என்பது வியப்பளிக்கிறது.

நிலவரை:
என் ஆய்வேட்டில் 11 பக்கம் கலைச்சொல் பட்டியல் இருக்கிறது. அனுப்பட்டுமா?

மழைக்குருவி:
ஐயா இருவருக்கும் வணக்கம். இந்த இழை தொடங்கக் காரணமாக இருந்தவள் என்பதால் தயக்கத்தோடு கேட்கிறேன். நான் தேர்ந்தெடுத்திருக்கும் படிப்பில் இரண்டு வழிகள் உண்டு: ஆய்வேட்டோடு முடிப்பது, அல்லது கூடுதல் பாடங்களும் ஒரு செய்முறைத் திட்டமும் முடித்து வெளியேறுவது. வீடில்லாதோர் இரவில் எங்கே தங்குகிறார்கள், பகலில் அந்த இடங்கள் என்னவாக மாறுகின்றன என்பதைப் பார்க்க விரும்புகிறேன். நான் எழுதிய பேராசிரியரிடமிருந்து மூன்று வாரமாகப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பக்க நோக்க உரையை அனுப்ப வேண்டும். எந்த வழியைக் குறிப்பிடுவது?

எண்ணாயிரம்:
ஆய்வேடு வேண்டாம். தலைப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் வேலைக்கு எடுப்பவர் ஆய்வேட்டைப் படிப்பதில்லை. என்ன செய்யத் தெரியும் என்று கேட்பார். நான் எடுக்கிறவன், அதனால் சொல்கிறேன். படித்தே தீருவது என்றால், நிரலெழுதும் பாடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டு முடிவெடுங்கள். ஹார்வர்டே வேண்டாம் என்ற பாடத்துக்கு...

நிலவரை:
மீண்டும் ஹார்வர்ட்! 2006-இல் அதே ஹார்வர்ட் புவியியல் பகுப்பாய்வு மையம் ஒன்றைத் திறந்தது. மூடிய கடைக்காரர் அதே தெருவில் மறுபடியும் கடை திறந்தால் சரக்கு விலைபோகிறது என்றுதானே பொருள்?

மழைக்குருவி, நீங்கள் ஆய்வேட்டு வழியையே எடுங்கள். உறங்கும் இடம் எந்தக் கணக்கெடுப்பிலும் புள்ளியாக உட்காராது, நள்ளிரவில் நடந்தால்தான் தெரியும், துணையோடு போங்கள். பேராசிரியருக்கு மறுபடியும் எழுதுங்கள், இம்முறை நான்கு வரியில். நோக்க உரையின் முதல் பத்தியை இங்கே இட்டால் திருத்தித் தருகிறேன்.

எண்ணாயிரம்:
2006-இல் திறந்தது மையம். துறை அல்ல. துறைக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை எங்களுக்குக் கற்பித்தவர் நீங்கள்தான்.

சுவடி:
என் கேள்விக்கு இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல்களைத் தவிர்க்கவும். பழைய இழைகளின் பிழைகளை இங்கே இழுத்து வர வேண்டாம்.

மழைக்குருவி:
நன்றி ஐயா. முதல் பத்தியின் தொடக்கம் இது: ‘ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1948-இல் தன் புவியியல் துறையை மூடிய போதிலும், நகரத்தைப் புரிந்துகொள்ள இப்பாடம் இன்றியமையாதது என நான் நம்புகிறேன்.’

எண்ணாயிரம்:
அருமையான தொடக்கம். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம்.

நிலவரை:
மழைக்குருவி, அதை உடனே எடுத்துவிடுங்கள். அது துறை அல்ல, பிரிவு. 1948 என்பதும் முடிவு எடுத்த ஆண்டுதான். விட்டில்சி 1956 வரை அங்கேதான் இருந்தார். இதை எத்தனையாவது முறையாக எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.