ஒரே மூச்சில் கடல் தாண்டும் போர் விமானம்: தேவையா, வீண் ஜம்பமா?

திசைகாட்டி:
டேங்கர் விமானத்தைக் கூடவே பறக்கவிட்டு, வானிலேயே எரிபொருள் நிரப்பி, போர் விமானங்களை அட்லாண்டிக் தாண்டவைப்பது எனக்கு வீண் ஜம்பமாகத்தான் தெரிகிறது. ஓர் எஃப்-16 தன் உடம்புக்குள் சுமப்பது சுமார் 3 டன் எரிபொருள். அந்த மாதிரி நாலைந்தைக் கரை சேர்க்க, 90 டன் வரை சுமக்கும் கேசி-135 டேங்கர் துணைக்குப் போகிறது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து என்று இறங்கி இறங்கிப் போனால் என்ன குறைந்துவிடும்? 1948-இல் அமெரிக்க எஃப்-80 ஜெட்கள் அப்படித்தானே ஐரோப்பாவுக்குப் போயின?

வால்காற்று:
இறங்கிப் போவது பாதுகாப்பு என்று யார் சொன்னது? 1942 ஜூலை 15. அமெரிக்காவின் ஆறு பி-38 போர் விமானங்கள், இரண்டு பி-17 குண்டுவீச்சு விமானங்கள். கிரீன்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குக் கிளம்பின. வழியில் வானிலை கெட்டது, திரும்பினார்கள், எரிபொருள் தீர்ந்தது, எட்டும் கிரீன்லாந்துப் பனிமேல் அவசரமாக இறங்கின. ஆட்கள் அத்தனை பேரும் பிழைத்தது பெரும் அதிர்ஷ்டம். அதில் ஒரு பி-38-ஐ 1992-இல் சுமார் 80 மீட்டர் பனிக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். நீங்கள் சொல்லும் வழிதான் இது.

திசைகாட்டி:
அது விசிறி எஞ்சின் காலம். வானிலேயே நிரப்பும் உங்கள் வழியின் முதல் கதையையும் சொல்கிறேன், கேளுங்கள். 1950 செப்டம்பர் 22. அமெரிக்க விமானிகள் டேவிட் ஷில்லிங்கும் வில்லியம் ரிச்சியும் இரண்டு எஃப்-84 ஜெட்களில் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார்கள். ஷில்லிங் வழியில் மூன்று முறை நிரப்பிக்கொண்டு, சுமார் பத்து மணி நேரத்தில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இறங்கினார். ரிச்சிக்குக் கடைசியில் எரிபொருள் ஏறவில்லை. கனடாவின் கிழக்குக் கரைக்கு மேல் வந்து பாராசூட்டில் குதித்தார். கிளம்பியது இரண்டு, சேர்ந்தது ஒன்று. சாதனைப் பட்டியலில் பாதிதான் எழுதுகிறார்கள்.

பழைய மெக்கானிக்:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். டேங்க் காலியான பிறகு நிரப்புகிறார்கள் என்று நினைத்துத்தான் பேசுகிறீர்கள். அப்படி இல்லை. வழியில் எந்த இடத்தை எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான்: இப்போது டேங்கரின் எரிபொருள் குழாய் வேலை செய்யாவிட்டால், இருக்கும் எரிபொருளில் ஏதாவது ஒரு ஓடுபாதையை எட்ட முடியுமா? முடியும் என்ற நிலை இருக்கும்போதே அடுத்த நிரப்பல். அதனால்தான் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும் விமானம்கூட மறுபடி குழாயடிக்குப் போகிறது. ஒரு கடலுக்கு ஏழெட்டு முறை ஆவதும் உண்டு. ஒருமுறை குடிக்கச் சில நிமிடம். ஏறவில்லையா, அட்லாண்டிக் நடுவில் உள்ள அசோர்ஸ் தீவோ கனடாவின் கூஸ் பேயோ, கிட்டத்தில் இருப்பதற்குத் திரும்பிவிடுவார்கள். கூட்டத்தில் ஒருவருக்குக் கோளாறு என்றால் துணைக்கு இன்னொருவரும் போவார்.

ரிச்சி கதையில் கோளாறு வந்தது உண்மை. ஆனால் அவர் கடலில் விழவில்லை, கரைவரை வந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

திசைகாட்டி:
மெக்கானிக் ஐயா, நல்ல விதிதான். 1982-இல் என்ன ஆனது? அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் ஹாரியர் போர் விமானங்கள் அட்லாண்டிக் நடுவே உள்ள அசென்ஷன் தீவிலிருந்து கிளம்பி, விக்டர் டேங்கர்களிடம் வாங்கிக் குடித்துக்கொண்டு, தெற்கு அட்லாண்டிக்கில் நின்ற ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலில் போய் இறங்கின. ஒற்றை எஞ்சின், ஒற்றை விமானி. பாதி வழிக்கு மேல் எட்டக்கூடிய ஓடுபாதை எங்கே இருந்தது?

பழைய மெக்கானிக்:
இல்லை. ஒப்புக்கொள்கிறேன். போர்க்காலத்தில் விதியைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

வால்காற்று:
அந்தப் போரிலேயே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானத்துக்காகப் பதினொரு விக்டர் கிளம்பியது, டேங்கருக்கே டேங்கர் ஊற்றியது என்று அடுத்து எழுதப் போகிறீர்கள், தெரியும். அது போய்த் திரும்பி வர. நாம் பேசுவது ஒருவழிப் பயணம். தேவையா என்று கேட்டீர்களே, 1990 ஆகஸ்ட் 2-இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. ஒரே வாரத்துக்குள் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள லாங்லி விமானத் தளத்திலிருந்து கிளம்பிய எஃப்-15 போர் விமானங்கள் சவூதியில் நின்றன. வழியில் எங்கும் இறங்காமல், ஏறக்குறைய 15 மணி நேரம். இறங்கி ஏறுவதென்றால் ஒவ்வொரு ஊரிலும் அனுமதி, வானிலை, பழுது பார்க்கும் ஆட்கள். ஓர் இடத்தில் மூடுபனி என்றால் மொத்தக் கூட்டமும் அங்கேயே படுத்துவிடும்.

திசைகாட்டி:
சரி, அவசரத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "கடலைத் தாண்டிய போர் விமானம்" என்று பெருமை பேசாதீர்கள். வழி பார்ப்பது டேங்கர், தொலைதூர ரேடியோ பேசுவது டேங்கர், எரிபொருள் கொடுப்பது டேங்கர். போர் விமானம் வெறும் சுமை. 2007 பிப்ரவரியில் ஹவாயிலிருந்து ஜப்பானின் ஒகினாவாவுக்குக் கிளம்பிய அமெரிக்க எஃப்-22 போர் விமானங்கள், சர்வதேச தேதிக் கோட்டைத் தாண்டியதும் மென்பொருள் குழம்பி, வழிகாட்டும் கருவிகளை இழந்தன. டேங்கர்களின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் ஹவாய்க்கே திரும்பின. டேங்கர் மட்டும் இல்லாவிட்டால்?

வால்காற்று:
இதைத்தானே நான் காலையிலிருந்து சொல்கிறேன்! என் கட்சிக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டார்.

திசைகாட்டி:
பெருமை யாருக்கு என்றுதான் சொன்னேன். பேச்சை மாற்றாதீர்கள்.

பழைய மெக்கானிக்:
பெருமையில் விமானிக்கும் கொஞ்சம் விடுங்கள். அமெரிக்க விமானப்படை முறையில் டேங்கரில் இருப்பவர் குழாயை நகர்த்திச் செருகுவார்; கீழே இருப்பவர் ஆடாமல் நின்றால் போதும், அதுவே பெரிய வேலை. அமெரிக்கக் கடற்படையிலும் ஐரோப்பியப் படைகள் பலவற்றிலும் தொங்கும் கூடைக்குள் விமானியே தன் மூக்குக் குழாயைக் கொண்டுபோய்ச் செருக வேண்டும். எட்டாவது மணி நேரம், இருட்டு, மேகம், கூடை ஆடுகிறது. அப்போதும் கை நடுங்கக் கூடாது.

சும்மா பார்ப்பவன்:
எல்லாம் சரி. எழுந்து நிற்கக்கூட இடமில்லாத இருக்கையில் பத்துப் பதினைந்து மணி நேரம். நடுவில் ஒன்றுக்கு வந்தால்?

பழைய மெக்கானிக்:
உறிஞ்சும் பொருள் வைத்த பை உண்டு. ஆனால் பனிக்கடலில் விழுந்தால் குளிர் தாங்குவதற்காகக் கழுத்துவரை தண்ணீர் புகாத உடை, அதன்மேல் அழுத்த உடை, அதற்கும் மேல் இருக்கைப் பட்டைகள். இத்தனையையும் தளர்த்தித்தான் பையை எடுக்க வேண்டும். பக்கத்தில் நண்பன் பறந்துகொண்டிருப்பான். அப்புறம், அடுத்த நிரப்பலுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும்.

திசைகாட்டி:
இதற்குத்தான் ஐஸ்லாந்தில் இறங்கச் சொன்னேன்.