புதுப்பிப்பு: முகக் கருமைக்கு லேசர்

நெற்றியோரத்திலும் கன்னத்திலும் சாம்பல் பூத்த கருமை. லேசர் செய்யலாமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. “முதலில் ஒட்டுப் பரிசோதனை செய்யுங்கள்” என்ற யோசனைதான் கைகொடுத்தது. சந்தேகப்படும் பொருள்களைக் கொஞ்சம் தோலில் ஒட்டி, எது ஒவ்வாமை தந்து கருமைக்குக் காரணமாகிறது என்று பார்க்கும் சோதனை அது. காரணம் தெரியாமல் லேசருக்குப் பணம் கட்டவே கூடாது.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதுகில் ஒட்டியதை 48 மணி நேரம் கழித்து எடுத்தார்கள். நாம் எல்லோரும் சந்தேகப்பட்டது முகக் கிரீமை. சிவந்து தடித்து அரித்ததோ தலைச்சாயத்தில் இருக்கும் பாராஃபெனிலீன்டையமின் வைத்த இடம்!

சாயத்தை நிறுத்தி, சன்ஸ்கிரீன் பூசி, கருமை பரவுவது நின்ற பிறகே 1064 நானோமீட்டர் அலைநீளத்தில், மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளி பாய்ச்சும் க்யூ-ஸ்விட்ச்டு லேசர். இந்த அலைநீளம் ஆழத்து நிறமியை எட்டும். மாநிற மேல்தோலை அதிகம் சுடாது. அப்படியும் சித்திரை வெயிலில் ஒரு கன்னம் மறுபடி கறுத்து, மெல்லத் தணிந்தது. நெற்றி ஏறக்குறையத் தெளிந்துவிட்டது. காதோரம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.