கன்வென்ஷனில் கை தூக்கிவிட்டேன், வேலையை விடணுமா?

கொரட்டூர் பொண்ணு:
வயது 29. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். போன மாதம் ஒரு கன்வென்ஷன், அதாவது கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டம். கடைசி ராத்திரி செய்தி பைபிளில் ரோமர் 12:1, உங்களையே ஜீவபலியாக, உயிருள்ள காணிக்கையாக, ஒப்புக்கொடுங்கள் என்ற வசனம். 'முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவங்க கை தூக்குங்க' என்றதும் தூக்கிவிட்டேன். அழுதேன், பொய் அழுகை இல்லை. ஒரு அட்டை கொடுத்தார்கள். பக்கத்து அக்காவிடம் பேனா வாங்கி டிக் அடித்து, போன் நம்பரும் எழுதினேன். அதிலிருந்து வாரம் ஒரு போன்: 'எப்போ சிஸ்டர் வேலையை விடறீங்க? கலப்பையில் கை வெச்சுட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது.'

அப்பா லேத் பட்டறையில் இருந்தவர், பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாக வீட்டில். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனில் இன்னும் 14 தவணை. விஷயத்தைச் சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆண்டவரிடம் சொன்ன வார்த்தையை மீறினால் பாவமா?

வேப்பேரி ரிட்டயர்ட் நர்ஸ்:
அம்மாடி, நானும் 1986-ல் கை தூக்கினவள்தான். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு. மறுநாளே ராஜினாமா எழுதிக்கொண்டு சபை ஐயரிடம், எங்கள் போதகரிடம், போனேன். படித்துவிட்டு, 'இன்னைக்கு நைட் டியூட்டி யாருக்கு?' என்றார். எனக்குத்தான். 'சரி, போயிட்டு வாம்மா, காலைல பேசலாம்.' அந்தக் காலை 31 வருஷமாக வரவேயில்லை. கடிதம் இன்னும் பழைய பைபிளுக்குள் மடித்தபடி கிடக்கிறது.

பைபிளில் மாற்கு 7-ம் அதிகாரத்தை எடுத்துப் படி. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழிப்பதை இயேசு அங்கே கண்டிக்கிறார். போன் பண்ணுகிறவர்களுக்கு அந்த இடம் தெரியாமலா இருக்கும்? அப்போஸ்தலர் பவுலே கொரிந்துவில் ஆக்கில்லாவோடு தங்கிக் கூடாரத் தொழில் பார்த்துக்கொண்டுதான் பிரசங்கம் பண்ணினார்.

ஆனால் ஒன்று. மாதம் பிறந்தால் சம்பளம், ஞாயிறு வந்தால் கோயில் என்று நானும் சில வருஷம் கை தூக்கினதை மறந்து ஓட்டியிருக்கிறேன். அது என் தப்பு. ராத்திரி முழுக்க நின்ற காலோடு, விடிகாலை நாலு மணிக்கு, தலைப்பிரசவத்தில் கத்துகிற பெண்ணை அதட்டாமல் இருந்து பார், ஒப்புக்கொடுத்தல் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

சாந்தோம் பொடியன்:
நாங்கள் கத்தோலிக்கர், என் அக்கா கன்னியாஸ்திரி. அங்கேயே நவசந்நியாசம் என்கிற பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதம். அப்புறம் தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, குறைந்தது 3 வருஷம். அதற்குப் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. அடைக்க முடியாத கடன் இருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு ராத்திரி டிக் அடித்ததற்கு வேலையை விடச் சொல்கிறார்களா!

குவாயர் ஆல்டோ:
ஒப்புக்கொடுத்தல் பாட்டு என்றால் எனக்கு இங்கிலாந்துப் பாடலாசிரியை பிரான்சஸ் ஹாவர்கல்தான். பொன் வெள்ளியையும் எடுத்துக்கொள்ளும் என்று அவர் எழுதியது 1874-ல். நகைகளை மிஷன் சங்கத்துக்கு அனுப்பியதோ 1878-ல், கிட்டத்தட்ட 50 உருப்படி. அப்போதும் பெற்றோர் நினைவாக இருந்த ப்ரூச்சை, உடையில் குத்தும் நகையை, கொடுக்கவில்லை.

கொரட்டூர் பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. ஆண்ட்டி, மாற்கு 7-ஐ அப்பாவுக்குச் சத்தமாக வாசித்தேன். இந்தப் பக்கம் திரும்பி, 'போன் பண்றவனுக்கும் வாசிச்சுக் காட்டு' என்றார். நாளைக்கு ஏழு மணிக்குக் கூப்பிடுவார்கள்.